இழுத்தால் வராத குண்டா

போன தை மாதம் தம்பி மகளுக்குக் காதுகுத்து. கோயிலில் முடித்துவிட்டுச் சாப்பாட்டை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். அறுபது பேருக்குச் சமையல். எல்லாரும் கிளம்பிய பிறகு, எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் பாத்திரங்களை நானே கழுவினேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஈரம் துடைக்கவில்லை, சூடு ஆறவும் விடவில்லை. கைக்கு வந்த வரிசையில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் இரண்டு எவர்சில்வர் குண்டாக்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருந்தன. அசைக்கக்கூட முடியவில்லை.

எங்கள் திருப்பூர்ப் பக்கம் பாத்திரத்தைப் போசி என்போம். கொஞ்சம் பெரிதாக, வாய் அகன்று இருந்தால் குண்டா. மாட்டிய இரண்டுக்கும் வாய் அகலம் ஏறக்குறைய 26 செ.மீ. வெளியே இருந்தது நாலைந்து வருடம் முன்பு வாங்கியது. அது போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். உள்ளே இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1974இல் அம்மாவின் கல்யாணத்துக்கு அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சீராகக் கொடுத்த குண்டா அது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி அம்மிச்சியின் பேரை வெட்டியிருப்பார்கள். இப்போது மிஷினில் ஓடவிட்டு எழுதுகிறார்களே, அந்த எழுத்து இல்லை. ஒவ்வொரு புள்ளியும் விரலில் நெருடும். அம்மிச்சியின் கையெழுத்து என்று எங்களிடம் எதுவும் கிடையாது, அவருக்கு எழுதத் தெரியாது. அவர் பேர் எழுத்தாக இருக்கும் ஒரே பொருள் அந்தக் குண்டா. அந்தப் பேர் இப்போது இரண்டு தகடுகளுக்கு நடுவே போய்விட்டது.

முதல் நாள் நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கை வழுக்கியது, அவ்வளவுதான். மறுநாள் தம்பி வந்தான். இரண்டையும் தரையில் கவிழ்த்து, வெளிக்குண்டாவின் அடியில் சுத்தியலால் நாலு போடு போட்டான். பிறகு இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான். உள்குண்டாவின் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்தது. அம்மா அதுவரை பேசாமல் இருந்தார். "விடுங்க சாமி, அடிச்சு அடிச்சு அதை ஒண்ணுமில்லாம ஆக்கிப்போடாதீங்க" என்றார். சுத்தியலைக் கீழே வைத்தோம்.

தம்பி செய்ததில் என்ன தவறு என்று பிறகுதான் விளங்கியது. இதே தவறைப் பல வீடுகளில் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்குண்டா முழுதாக இறங்கவில்லை, அதன் விளிம்பு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்தால் தரையில் நிற்பது அந்த விளிம்புதான். அந்த நிலையில் வெளிக்குண்டாவின் அடியில் அடித்தால் அது கீழே இறங்கும். அதாவது உள்குண்டாவின் மேல் இன்னும் இறுகும். பிளந்த விறகில் ஆப்பை வைத்து அடித்து இறக்குகிறோமே, அதே வேலை. பிரிப்பதாக நினைத்து நாங்கள் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பர்பாளையம் கொண்டுபோனேன். அவினாசி ரோட்டில் போனால் வந்துவிடும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் செய்கிற ஊர். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீரில் பாதிக்குமேல் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். தெரிந்தவர் ஒருவர் சொன்ன பட்டறைக்குப் போனேன். அறுபது வயதுக்காரர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். இழுக்கவே இல்லை. உள்குண்டாவை லேசாகத் திருகிப் பார்த்தார். விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நெளிந்த விளிம்பைத் தடவினார்.

"இதை யாருங்க அடிச்சது?"

"நாங்கதானுங்க."

"அடிச்சா இன்னும் இறங்குமுங்க. சூட்டுல மாட்டுனதைச் சூட்டுலதான் எடுக்கோணும்."

பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். அடுப்பில் ஒரு அண்டாவில் தண்ணீர் காய வைத்தார். இதற்கிடையே இரண்டு விளிம்புக்கும் நடுவே சுற்றிலும் சொட்டுச் சொட்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டு, குண்டாவைச் சாய்த்துச் சாய்த்துக் கீழே இறங்கவிட்டார். கால் மணி நேரம் அப்படியே விட்டார். தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்ததும், கொதிக்கும் முன்பே, அடுப்பை அணைத்தார். உள்குண்டா நிறைய ஐஸும் தண்ணீரும் ஊற்றி ஒரு நிமிடம் விட்டார். பிறகு இரண்டையும் சேர்த்துத் தூக்கி, வெளிக்குண்டாவின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை சுடுதண்ணீரில் இறக்கினார். முப்பது வரை எண்ணச் சொன்னார், எண்ணினேன். சட்டென்று வெளியே எடுத்து, கோணிச் சாக்கை மடித்து வெளிக்குண்டாவை அவர் பிடித்துக்கொண்டார். என்னிடம் துணியைக் கொடுத்து, உள்குண்டாவைப் பிடித்து இழுக்காமல் திருகச் சொன்னார். முதல் திருகில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் உஸ் என்று ஒரு சத்தம். மூன்றாவதில் குண்டா என் கையோடு வந்துவிட்டது. ஐஸ் தண்ணீர் என் புடவையெல்லாம் கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று நாள் வராதது முப்பது எண்ணுவதற்குள் வந்ததற்கு என்ன காரணம்? அன்று ராத்திரி மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், வெப்ப விரிவு அவன் பாடத்தில் இருக்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் ஒரு டிகிரி சூடு ஏறினால் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 26 செ.மீ. அகலக் குண்டா 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் அதன் வாய் 0.22 மி.மீ. அகலும். உள்குண்டா ஐஸில் 30இலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் 0.11 மி.மீ. சுருங்கும். இரண்டும் சேர்ந்து மூன்று காகிதத் தாளின் தடிமன். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. இரண்டு தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு உள்ளே போய்விடும், உள்குண்டாவும் விரியத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்த அவசரம். முப்பது எண்ணுவதற்குப் பதில் ஐந்து நிமிடம் சுடுதண்ணீரில் ஊறவிட்டிருந்தால் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து, பழையபடி இறுகியே இருந்திருக்கும். இந்த இடத்தில் எவர்சில்வர் நமக்கு உதவவும் செய்கிறது. அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அலுமினியம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தாமதத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

சூடு பண்ணினால் உலோகம் எல்லாப் பக்கமும் விரியுமே, அப்போது வெளிக்குண்டாவின் உள்பக்கமும் விரிந்து இன்னும் இறுகாதா என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் அம்மாவே சின்ன வயதிலிருந்து பார்த்த ஒன்றில் இருக்கிறது. கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நானும் பார்த்திருக்கிறேன். பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் செய்வார்கள். தரையில் போட்டுச் சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். பழுக்கக் காய்ந்ததும் குறடுகளால் பிடித்துத் தூக்கி வந்து சக்கரத்தில் வைத்துத் தட்டுவார்கள், இறங்கிவிடும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். புகையும் ஆவியுமாக, மரம் நெறிபட்டு முனகும். அந்தப் பட்டையை ஆணி இல்லாமல் பிடித்து வைத்திருப்பது அதன் சுருக்கம்தான். காய்ந்தபோது வளையத்தின் உள்வாயும் சேர்ந்துதான் பெரிதானது, இல்லாவிட்டால் சக்கரத்தின் மேல் இறங்கியிருக்காது. நான் குண்டாவில் செய்தது தெரியாமல் போட்ட பட்டை. வெளிக்குண்டாவை இரண்டாவதாகக் கழுவினேன், அது நல்ல சூட்டில் விரிந்திருந்தது. அதற்குள், முதலில் கழுவியதால் அதைவிடக் கொஞ்சம் ஆறியிருந்த அம்மிச்சி குண்டாவை வைத்தேன். ராத்திரிக் குளிரில் வெளியே இருந்தது சுருங்கிப் பிடித்துக்கொண்டது. பட்டறைக்காரர் அதே வழியில் திரும்பி நடந்து அதை வெளியே கொண்டுவந்தார். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பேரிங் என்கிற உருளும் வளையத்தைச் சூடான எண்ணெயில் போட்டு எடுத்து, மிஷினில் சுழலும் தண்டான ஷாஃப்டில் ஏற்றுவதும் இந்த வித்தைதான்.

அந்த உஸ் சத்தம் வேறு கதை. இரண்டு குண்டாவின் அடிக்கும் நடுவே ஈரக்காற்றும் நீராவியும் மாட்டியிருந்தது. சூடாக இருக்கும்போது ஆவி இடத்தை நிரப்பி நிற்கும், ஆறினால் தண்ணீராகிவிடும். விளிம்பில் தேங்கிய ஈரம் வெளிக்காற்றை உள்ளே விடாமல் அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் குறையும், வெளியே இருக்கும் காற்று அமுக்கும். காற்றின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ. எங்கள் குண்டாவின் வாய்ப்பரப்பு 530 சதுர செ.மீ. உள்ளே அழுத்தம் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே 26 கிலோ அழுத்தும். ஒரு சிப்பம் அரிசி உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரி. அதன்மேல் தகட்டுப் பிடிப்பு வேறு. நானும் கணவரும் இழுத்து என்ன ஆகும்?

அதனால் பாத்திரம் மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது, பட்டறைக்காரர் செய்ததுபோல, எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என்று இப்போது நம்புகிறேன். உள்பாத்திரம் திருகினால் சுற்றுகிறது, ஆனால் மேலே வரவில்லை என்றால் காற்றுதான் பிடித்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, வெளிப்பாத்திரத்தை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் போதும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானே தள்ளிவிடும். சுற்றவே இல்லை என்றால் தகடு கவ்வியிருக்கிறது, ஐஸும் சுடுதண்ணீரும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆடி, எதிர்ப்பக்கம் அசையாமல் நின்றால் அங்கே நெளிவு இருக்கிறது. அந்த நெளிவை எடுக்காமல் என்ன செய்தாலும் வராது. அதைப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் ஊரில் நாலாவதாக ஒன்றும் உண்டு. போர்த் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு அடுக்கி, ஆறு மாதம் பரணில் போட்டுவிட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவே வெள்ளையாக உப்புப் படிந்து சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். சாதக் கஞ்சி காய்ந்தாலும் அப்படித்தான், பசை. இதற்கு எந்த வெப்ப விரிவும் உடனே கைகொடுக்காது. கெட்டியான புளிக்கரைசலையோ வினிகரையோ வெதுவெதுப்பாக்கி விளிம்பில் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். புளிப்பு உப்பைக் கரைத்துவிடும். கஞ்சி என்றால் வெறும் சுடுதண்ணீரே போதும், பொறுமைதான் வேண்டும்.

வேறு வேறு உலோகம் மாட்டிக்கொண்டால் வேலை இன்னும் எளிது. ஆனால் எது உள்ளே, எது வெளியே என்று கவனிக்க வேண்டும். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், எவர்சில்வரைவிட அதிகம். அலுமினியக் குக்கருக்குள் எவர்சில்வர் அடுக்கு மாட்டிக்கொண்டால் இரண்டையும் சேர்த்தே சுடுதண்ணீரில் வைக்கலாம், குக்கர் கூடுதலாக விரிந்து விட்டுக்கொடுக்கும். அலுமினியம் உள்ளே, எவர்சில்வர் வெளியே என்றால் தலைகீழ். இரண்டையும் சேர்த்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும், உள்ளே இருப்பது கூடுதலாகச் சுருங்கும். வைப்பதற்கு முன் இடையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கவிழ்த்து வடித்துவிடுங்கள். தண்ணீர் உறைந்தால் விரியும், தகட்டை உப்பவைத்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாட்டிய பாத்திரங்களை அப்படியே அடுப்பில் வைக்காதீர்கள். கேஸில் காட்டினால் வந்துவிடும் என்று எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். இடையில் ஒரு கரண்டித் தண்ணீர் அடைபட்டிருந்தால் அது ஆவியாகும்போது 1,600 மடங்குக்குமேல் இடம் கேட்கும். போக வழி இல்லாமல் உள்பாத்திரத்தைத் தூக்கி எறியும், முகத்துக்கு நேராக. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈயம் என்று நாம் சொல்கிற அந்த வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காய்ச்சினால் பூச்சு வழிந்து பாத்திரமே சமையலுக்கு ஆகாமல் போய்விடும். சுடுதண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அந்தப் பயம் இல்லை.

கண்ணாடி டம்ளருக்கு ஐஸும் கொதிநீரும் கூடாது, விரிசல் விட்டுவிடும். உள்டம்ளரில் குழாய்த் தண்ணீர், வெளியே குளிக்கிற சூட்டில் தண்ணீர், விளிம்பில் எண்ணெய். துண்டைச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திருகினால் வரும். வராவிட்டால் இன்னொரு முறை. நான்ஸ்டிக் பாத்திரத்தில் கத்தி, கரண்டிக்காம்பு எதையும் இடையில் விடாதீர்கள்.

அடுக்குப் பாத்திரம் என்று ஒரே செட்டாக வாங்கியது ஏன் மாட்டுவதில்லை என்பதையும் பட்டறைக்காரர் காட்டினார். செட்டில் உள்ள சின்னப் பாத்திரத்தின் அடி பெரியதன் அடியில் போய் உட்காரும், சுவரில் இடைவெளி இருக்கும். எடை அடியில் நிற்கிறது. வேறு செட்டுப் பாத்திரத்தை, அதுவும் ஏறக்குறைய அதே அளவில் உள்ளதை வைத்தால் அடி எட்டாது, சுவரிலேயே தொங்கும். சாய்வான சுவர் ஒன்று இன்னொன்றில் தொங்கினால் ஆப்புதான். அதற்குமேல் நாலு பாத்திரத்தை அடுக்கினால் அவ்வளவு எடையும் அந்த ஆப்பின் மேல் அடிக்கும் அடி.

குண்டா வெளியே வந்ததும் அவர் விளிம்பையும் பார்த்துவிட்டார். இரும்புத் தாங்கியின் மேல் வைத்து, மரச் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டி இரண்டு நிமிடத்தில் நெளிவை எடுத்தார். அதே சுத்தியல் வேலையை எங்கள் வீட்டிலும் செய்தோம், ஆனால் அவர் கை தட்டும் இடமும் தட்டும் கனமும் வேறு. நூறு ரூபாய் கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, விளிம்புக்குக் கீழே கட்டைவிரலை ஓட்டிப் பேர் இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்க்ரூடிரைவர் இழுத்த கோடு ஒன்று முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது, எழுத்தைத் தொடவில்லை. அன்று ராத்திரி அரிசியும் பருப்பும் சாதத்துக்கு அந்தக் குண்டாவில்தான் அரிசி களைந்தார். இப்போது அதைத் துடைத்துக் காயவிட்டு, கணவரின் பழைய வேட்டித் துண்டை உள்ளே விரித்து, தனியாக மேல் தட்டில் வைக்கிறேன். அதற்குள் எதையும் வைப்பதில்லை, எதற்குள்ளும் அதை வைப்பதில்லை.